நம்பாதவர்களின் நோட்டு

மேடத்தின் கேள்வித்தாள் நீளமானது. வயது என்ன, என்ன வேலை, எவ்வளவு எடை தூக்குகிறீர்கள், இடுப்புக் குறுக்கு எப்போதிலிருந்து வலிக்கிறது, வலி காலுக்கு இறங்குகிறதா என்று வரிசையாகப் போகும். அவற்றையெல்லாம் நான் கேட்டு டேப்லட்டில் பதிவேன். முடிந்ததும் என்னைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு எதிரில் அவரும் குத்தவைத்து உட்கார்ந்து, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்பார்.

“வலிக்குதுன்னு சொன்னப்ப யாரு உங்கள நம்பல?”

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பெரம்பலூருக்கு மேற்கே ஒரு சின்ன வெங்காயக் காட்டில் அவர் இந்தக் கேள்வியைக் கேட்பதை முதன்முதலாகப் பார்த்தேன். வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த பெண் முதலில் சிரித்தார். பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வரப்பைப் பார்த்தார்.

“எம் மாமியா.”

“பேரு?”

சொன்னார். மேடம் எழுதிக்கொண்டார்.

“அப்புறம்?”

“எங்க வூட்டுக்காரரு.”

“பேரு சொல்லுங்க.”

“அவரு பேரயா? நான் சொன்னதே இல்லீங்களே.”

“இன்னிக்குச் சொல்லுங்க.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, கல்யாணமாகி அத்தனை வருடத்தில் வாயில் வராத பெயரைச் சொன்னார். சொன்னதும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு மாதிரியான ஒன்றில் அந்தப் பெயரும் ஏறியது.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன். “இது ஆராய்ச்சியில சேருமா மேடம்?”

“சேராது.”

“அப்புறம் எதுக்கு எழுதுறீங்க?”

“எனக்கு.”

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர். உழைக்கிறவர்களின் குறுக்கு வலியைத் தவிர வேறு எதையும் அவர் வாழ்நாளில் ஆராய்ந்ததில்லை. நான் மீன்சுருட்டி ஊர்க்காரி. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளை, ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்கும் வேலைக்கு அவர்தான் எடுத்தார். ஐந்து வருடம் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்தையும் சுற்றியிருக்கிறேன்.

எப்போதும் பருத்திப் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. கோயில் வாசலில் கூட்டத்தை எண்ணுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அழுத்தினால் எண் ஏறும் சின்ன மெஷின், அது ஒன்று விரலில் மாட்டியிருக்கும். பருத்தி எடுக்கும் பெண் ஒருத்தியைத் தேர்ந்துகொண்டு, காலையிலிருந்து உச்சி வரைக்கும் அவள் எத்தனை தடவை குனிகிறாள் என்று வரப்பில் நின்று எண்ணுவார். எனக்குக் கால் கடுக்கும். அவர் நகர மாட்டார்.

“எழுதிக்க. எழுதாதது நடக்காததுன்னு ஆக்கிடுவானுங்க” என்பார். யார் ஆக்கிவிடுவார்கள் என்று சொல்ல மாட்டார்.

வலியோடு வருகிறவர்களிடம் அவர் குரலே வேறு. “ஜவ்வு விலகிடுச்சாம், இனிமே குனியவே கூடாதாம்” என்று ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அழுகிறவர்களை உட்கார வைத்து, மெதுவாகப் பேசுவார். “இந்த மாதிரிப் படம் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் வரும்மா. படத்தப் பாத்துப் பயந்துக்காதீங்க. படுத்தே கெடக்காதீங்க. மெல்ல நடங்க.” பேசி முடிப்பதற்குள் அவர்கள் முகம் தெளிந்துவிடும். அப்படிப்பட்டவர், நம்பாதவர்களிடம் மட்டும் ஈவிரக்கம் இல்லாமல் நடந்துகொள்வார்.

விக்கிரமங்கலத்தில் ஒரு வீட்டில் கணவர் குறுக்கே வந்து நின்றார். “இவளுக்கு ஒரு வலியும் கெடையாதுங்க. காட்டுக்குப் போவ சோம்பேறித்தனம். கேக்குறதுக்கு ஆளு வந்ததும் முனகுறா பாருங்க.”

மேடம் சிரித்த முகத்தோடு, “அப்படிங்களா? நீங்களும் கொஞ்சம் உக்காருங்களேன், உங்ககிட்டயும் கேள்வி இருக்கு” என்றார். அந்த மனிதர் நாற்காலியை இழுத்தார். “நாற்காலி வேணாங்க. உங்க வீட்டம்மா வெங்காயம் அரியறப்ப உக்காருவாங்களே, அந்த மாதிரி.” அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். அவர் கையில் அரிவாளும் பக்கத்தில் ஒரு கூடை வெங்காயமும் வந்தன. மேடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை ஏக்கர், தண்ணீர் எங்கிருந்து, போன வருடம் என்ன போட்டீர்கள். எங்கள் தாளிலேயே இல்லாத கேள்விகள். கால் மணி நேரத்தில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அரை மணியில் எழுந்திருக்கப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம்தாங்க, அரிஞ்சுகிட்டே சொல்லுங்க” என்றார் மேடம். கடைசியில் அவர் தரையில் கையூன்றி, முட்டியைப் பிடித்து, சுவரைப் பிடித்துத்தான் நிமிர்ந்தார். அவர் மனைவி முந்தானைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவ்ளோ வலிக்கும்னு தெரியாதுங்க” என்றார் அந்த மனிதர். நிஜமாகவே சொன்னார்.

வெளியே வந்ததும் மேடம் நோட்டை எடுத்து அவர் பெயரை எழுதினார்.

“இப்பதான் நம்பிட்டாரே மேடம்?”

“இப்பத்தானே.”

எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது. வீட்டில் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

மேடம் ஏன் இப்படி என்பதை விக்கிரமங்கலத்திலேயே இன்னொரு நாள் பழைய லோடுமேன் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மேடம் அப்போது பக்கத்து வீட்டில் இருந்தார். “இந்தப் பொண்ணோட அப்பனும் நானும் ஒன்னா மூட்ட தூக்குனவங்க” என்றார் அவர். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். லாரியில் ஏற்றும் வேலை. ஒருநாள் ஏற்றும்போதே அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார். ஆலை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். முதுகை இரண்டு இடத்தில் அழுத்தினார். பிறகு ஒரு தாளில் எழுதினார்: எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை, வேலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறார்.

“வேல போனதுகூடப் பெருசில்லம்மா. நடிக்கிறான்னு எழுதுனது ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அவன் டீக்கடைப் பக்கம் வந்தா, ‘வாடா ஹீரோ’ம்பானுங்க. அவன் அப்புறம் வெளியவே வரல. படுத்தவன் படுத்தவன்தான். அப்படியே போயிட்டான்.”

மேடத்துக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததாம், போகவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களின் முதுகு வலியை ஆராய்ந்தால் நல்ல பெயர் வரும் என்று கல்லூரியில் சொன்னார்களாம், கேட்கவில்லை. அந்த ஆலையைச் சுற்றி, அந்த டாக்டரின் கைப்பட்ட முதுகுகளைத் தேடித்தான் அலைந்தார். அதே வாக்கியம் எழுதப்பட்டு வெளியே அனுப்பப்பட்ட பதினோரு லோடுமேன்களைக் கண்டுபிடித்தார். ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலிருந்தும் அந்தத் தாளைத் தேடி எடுக்க வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார். வயல் வேலை செய்கிறவர்களையும் லோடுமேன்களையும் மாதாமாதம் பார்த்து எழுதுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி உண்மைதான் என்பதை யாரும் மறுக்க முடியாதபடி எழுதிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். எழுதியதை அந்த டாக்டர் முகத்துக்கு நேரே வைக்க வேண்டும்.

ஒருநாள் ஜெயங்கொண்டம் போகும் வழியில் ஒரு முந்திரித் தோப்பில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பழைய லோடுமேன் போன் செய்தார். ஆலை டாக்டரின் மனைவி தவறிவிட்டாராம். மேடம் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“அவரு நல்லாருக்காருல்ல?” என்று கேட்டார். அவருக்கும் மனது இளகியிருக்கிறது என்று நினைத்தேன்.

போனை வைத்ததும் சொன்னார். “நல்லா இருக்கணும். கண்ணு தெரியணும், காது கேக்கணும், ஞாபகம் இருக்கணும். நான் முடிக்கிற வரைக்கும் அந்த ஆளுக்கு ஒன்னும் ஆயிடக் கூடாது.”

சொல்லிவிட்டு மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

இனிமேல் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கேள்வித்தாளில் இரண்டு கேள்விகள் மட்டும் சிவப்பு எழுத்தில் இருக்கும். ஒன்று, சிறுநீர் போவதில் தொந்தரவு இருக்கிறதா. இன்னொன்று, உட்காரும் இடம் மரத்துப் போகிறதா. “இந்த ரெண்டுல ஒன்னுக்கு ஆமான்னு வந்தாலும் டேப்லட்ட மூடி வச்சிட்டு எனக்குப் போன் பண்ணு. அப்பவே திருச்சிக்கு அனுப்பணும். ஒரு நாள் தள்ளிப் போனாலும் கால் போயிடும்” என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். ஐந்து வருடத்தில் ஒருவர்கூட அதற்கு ஆமாம் என்று சொன்னதில்லை. போகப் போக அந்த இரண்டையும் நான் கேட்கிற வேகத்தில் எதிராளிக்குப் புரிந்திருக்கவே புரிந்திருக்காது.

திருமழபாடியில் அஞ்சலை அக்கா என்று ஒருவர். வாழைத்தோட்டத்தில் தார் சுமக்கிறவர். மாதம் ஒருமுறை நான் போய்க் கேட்க வேண்டும். போனால் கொள்ளிடத்தைப் பார்த்த மாதிரி ஒரு கல்லில் உட்கார வைத்து, வாழைப்பழம் கொடுத்துத்தான் பேச விடுவார். ஒரு மாதம் நான் போக வேண்டிய நாளில் மழை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டு நின்றேன். வந்த பஸ்ஸில் ஏற முடியாத கூட்டம். அடுத்த நாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது, சீக்கிரம் வீட்டுக்கு வரச் சொல்லி அம்மா மூன்று தடவை போன் செய்துவிட்டார். டீக்கடையில் ஒதுங்கி, டேப்லட்டைத் திறந்து, அஞ்சலை அக்கா போன மாதம் சொன்ன பதில்களை அப்படியே பார்த்துப் பார்த்து நிரப்பினேன். இரண்டு சிவப்புக் கேள்விகளுக்கும் இல்லை, இல்லை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நான்கு நாள் கழித்து மேடம் என்னைக் கல்லூரி அறைக்கு வரச் சொன்னார்.

போனபோது மேஜைமேல் டேப்லட் இருந்தது. திரையில் ஒரு வரைபடம். நாங்கள் எங்கே நின்று பதிகிறோம் என்பதை அந்த மெஷின் தானாகவே குறித்துக்கொள்ளும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அஞ்சலை அக்காவின் பெயருக்கு நேரே இருந்த புள்ளி, கொள்ளிடக் கரையில் இல்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தது.

“அஞ்சலை திருச்சி ஆஸ்பத்திரில இருக்காங்க” என்றார் மேடம். “ஆபரேஷன் ஆயிடுச்சு. லேட்டாதான் ஆச்சு. இடது கால் இழுத்துக்கிச்சு. ஒன்னுக்குப் போறது இனிமே அவங்க கையில இல்ல. நீ போக வேண்டிய அன்னிக்குக் காலையிலதான் உக்காருற எடம் மரத்துப் போயிருக்கு. வேலைக்குப் போவாம இருக்க நாடகம் போடுறான்னு அவங்க புருஷன் மூணு நாள் வூட்டுலயே போட்டு வச்சிருக்கான். அன்னிக்குப் பூரா வாசலப் பாத்துகிட்டு இருந்தாங்களாம். பாப்பா வரும், கேக்கும், சொல்லிக்கலாம்னு.”

“மழை மேடம்” என்றேன். இன்றுவரை அந்த இரண்டு சொல்லை நினைத்தால் கூசுகிறது.

அவர் அந்த நீள நோட்டைத் திறந்தார். அஞ்சலைக்கான பக்கத்தில் கணவன் பெயர் ஏற்கனவே இருந்தது. அதன் கீழே என் பெயரை, அப்பா பெயர், ஊர் பெயரோடு, என் கண் முன்னாலேயே எழுதினார்.

“நான் நம்பாம இல்ல மேடம். அவங்க வலிய நான் என்னிக்கும் பொய்னு…”

“நம்பாதவனாவது கேட்டுட்டு நம்பல. நீ கேக்கவே இல்ல.”

அழுதேன். என்னைப் போல யாராவது ஒருத்தரையாவது அந்த நோட்டிலிருந்து மன்னித்து எடுத்திருக்கிறாரா என்று கத்தினேன். அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். மேலே அவர் அப்பாவின் பெயர். அதன் கீழே நம்பாதவர்கள் வரிசை. ஆலை டாக்டரின் பெயர் இரண்டாவதாக இருந்தது. முதல் பெயர் மேடத்துடையது.

“அப்ப எட்டாவது படிக்கிறேன். ஸ்கூல்ல எல்லாரும் நடிகர் பொண்ணுன்னு கூப்புடுறாங்க. வூட்டுக்கு வந்தா, அப்பா தண்ணி கேட்டாரு, குடுக்கல. எந்திரிச்சு எடுத்துக்க, நடிக்காதன்னு சொன்னேன். எங்கப்பா எந்திரிக்கப் பாத்தாரு.” அவர் நோட்டை மூடினார். “எனக்கே மன்னிப்புக் கெடையாது. உனக்கு எங்கேருந்து எடுத்துக் குடுப்பேன்? போ.”

போய்விட்டேன். பெண் பார்க்க வந்தவர்களிடமிருந்து அப்புறம் பதிலே இல்லை. அனுபவச் சான்று கேட்டு இரண்டு தடவை கல்லூரிக்குக் கடிதம் போட்டேன். ‘வழங்க இயலாது’ என்று அவர் கையெழுத்தோடு வந்தது. ஜெயங்கொண்டத்தில் ஒரு துணிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனேன். நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டும். குறுக்கு வலிக்க ஆரம்பித்தது. வலிக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான். தப்பு என் பேரில் இருக்கிறது என்பது தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்திருப்பதால் கோபம் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. அந்த ஆலை டாக்டரை அவர் எப்படி நினைத்துக்கொண்டிருந்தாரோ, அப்படி நான் அவரை நினைத்துக்கொண்டு துணி கிழித்தேன். அவர் நன்றாக இருக்க வேண்டும். நான் முடிக்கிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

இரண்டு வருடத்தில் அந்த நாள் வந்தது. பதினோரு லோடுமேன்களும் மனுக் கொடுத்து, அரியலூரில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை என்று ஆனது. மேடத்தின் ஆராய்ச்சி அறிக்கைதான் அவர்களுடைய ஆதாரம். துணிக்கடைக்கு வந்த ஒரு லோடுமேன் மனைவி சொன்னார். அன்றைக்கே அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆலை டாக்டரின் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

அவர் அப்போது ரிட்டயர் ஆகும் வயதைத் தாண்டியும் ஆலைக்கு ஆலோசகராக இருந்தார். தனியாக இருந்தார். அவரே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மெல்லிய குரல். கெட்டவராக இருப்பார் என்று நினைத்துப் போனவளுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. “அந்தப் பொண்ணுக்கு எம்மேல என்ன கோவம்னே புரியலம்மா. எங்கேயாவது பாத்திருக்கேனா நான்?” என்று கேட்டார்.

அந்த அறிக்கையில் பொய்யாக நிரப்பிய பதிவு இருக்கிறது, நிரப்பியவள் நான்தான், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். ஆலை வக்கீலுக்கு உடனே போன் செய்தார்.

விசாரணை ஒரு மாடி ஹாலில் நடந்தது. ஒரு பக்கம் பதினோரு பேர். சிலர் நின்றுகொண்டிருந்தார்கள், உட்கார முடியாததால். மேடம் அதே பருத்திப் புடவை, அதே ஷூ. என்னை டாக்டர் பக்கம் பார்த்தவர், எங்கோ கடையில் பார்த்த யாரோ ஒருத்தியைப் போலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வக்கீல் என்னை எழுப்பினார். சொன்னேன். பஸ் ஸ்டாண்ட், டீக்கடை, போன மாதத்துப் பதில்கள், எல்லாம். சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. இரண்டு வருடமாகச் சொல்லிப் பார்த்த பேச்சு அது. “ஒன்னு பொய்னா மத்ததெல்லாம் நிஜம்னு எப்படிங்க நம்புறது?” என்றார் வக்கீல்.

அதிகாரி மேடத்தைப் பார்த்தார். மேடம் எழுந்தார்.

“இவங்க சொன்னது அத்தனையும் உண்மைங்க. அறிக்கையில கடைசிக்கு முந்துன பக்கம் பாருங்க.”

அதிகாரி புரட்டி, வாய்விட்டுப் படித்தார். ஒரு பதிவு நேரில் பார்க்காமல் நிரப்பப்பட்டது, எங்கள் மேற்பார்வைக் குறைவால் அது உடனே தெரியவில்லை, அதனால் ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை தாமதமானது, அவர் கால் செயலிழந்ததில் எங்களுக்குப் பொறுப்பு உண்டு, அந்தக் களப்பணியாளர் பதிந்த எல்லா வீடுகளுக்கும் நானே மறுபடி நேரில் போய்ச் சரிபார்த்தேன் என்று இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. பொறுப்பு என்ற இடத்தில் அவர் தன் பெயரைப் போட்டிருந்தார்.

ஐந்து வருடம் நான் ஏறி இறங்கிய அத்தனை வீடுகளுக்கும் அவர் தனியாகப் போயிருக்கிறார்.

மேடம் டாக்டர் பக்கம் திரும்பினார். “நாங்க செஞ்ச தப்ப நாங்க எழுதியிருக்கோம் சார். நீங்க எழுதுன பதினோரு தாள்ல ஒன்னாவது தப்புன்னு எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?”

“எக்ஸ்ரேல ஒன்னும் இல்லன்னா ஒன்னும் இல்லன்னுதானேம்மா எழுத முடியும்?”

“அதோட நிறுத்தியிருக்கலாமே. நடிக்கிறார்னு எழுதுனீங்களே, அது எந்தப் படத்துல தெரிஞ்சுது?”

வக்கீல் என்னென்னவோ சொன்னார். சாயங்காலம் ஆவதற்குள், அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை, டாக்டர் அதைத் திரும்பப் பெற வேண்டும், பதினோரு பேரையும் வேறு மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். டைப் செய்து கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார் வக்கீல்.

“இவரு கைப்பட எழுதுனது. கைப்படத்தான் திரும்ப எழுதணும். தனித்தனியா” என்றார் மேடம். லோடுமேன்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். அதிகாரி தலையசைத்தார்.

மேஜைக்கு முன்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. முதுகு சாய்க்க ஏதும் இல்லாத ஸ்டூல். டாக்டர் அதில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஒவ்வொருவராக முன்னால் வந்து நிற்க வேண்டும், டாக்டர் எழுதியதை அவரே படிக்க வேண்டும், அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது தாளில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஆறாவதில் இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். எட்டாவதில் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அந்த முதுகில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அந்த ஹாலில் மற்ற எவரையும்விட மேடத்துக்குத்தான் தெரியும். அவர் பக்கத்தில் முதுகு சாய்க்கிற நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அவர் அதன்மேல் தன் பையை வைத்திருந்தார். பையை எடுக்கவில்லை.

பதினோராவது தாள் முடிந்ததும் டாக்டர் எழுந்திருக்கப் பார்த்தார். மேடம் பிளாஸ்டிக் உறை ஒன்றை மேஜையில் வைத்தார். “இன்னொன்னு இருக்கு சார்.”

டாக்டர் பெயரைப் படித்தார். “இது யாரும்மா?”

“எங்கப்பா.”

“ஞாபகம் இல்லையேம்மா. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரப் பாத்திருப்பேன்.”

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடமும் அந்த ஆளுக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்று காத்திருந்தவர். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“பரவால்ல சார். எனக்கு இருக்கு. எழுதுங்க.”

அவர் எழுதினார். வாங்கிக்கொள்ள யாரும் இல்லாததால் மேடமே வாங்கினார். நன்றி சொல்லவில்லை. ஜெயித்தவர் முகமாகவும் அது இல்லை.

படிக்கட்டில் என்னைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றார். அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அஞ்சலையப் பாத்தியா?”

“இல்ல மேடம்.”

“ம்” என்றார். இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

விசாரணைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமழபாடிக்குப் பஸ் ஏறினேன்.

அஞ்சலை அக்கா வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். இடது கால் தனியாக, தனக்குச் சம்பந்தம் இல்லாதது மாதிரி நீண்டிருந்தது. கணவரைக் காணவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா பாப்பா! எத்தன வருஷமாச்சு. கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்லக்கா.”

“உக்காரு. பழம் இருக்கு, சாப்புடு.”

சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் மாதாமாதம் வந்து காலைப் பிடித்து நீவி, நடக்கச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். இந்த அளவுக்கு எழுந்து உட்காருவதே அவரால்தான் என்றார். என்மேல் ஒரு துளி வருத்தமும் அந்தப் பேச்சில் இல்லை. இவருக்கு எதுவும் தெரியாது என்று புரிந்தது. மூச்சு லேசாகியது. பழத்தைத் தின்றுவிட்டு, நலம் விசாரித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

“மேடம் என்னப் பத்தி ஒன்னும் சொல்லலையாக்கா?” என்று கேட்டேன். உறுதி செய்துகொள்ளத்தான் கேட்டேன்.

“ஏன் சொல்லல? அந்த மழை அன்னிக்கு நீ ஏன் வரலன்னு நான்தான் கேட்டேன்.” அவர் இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி நகர்த்தி, எனக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். “அத நான் சொல்ல மாட்டேன், ஒருநாளு அவளே வந்து உங்ககிட்டச் சொல்லுவா, அதுவரைக்கும் யாருகிட்டயும் கேக்காதீங்கன்னாங்க. நானும் கேக்கல. சொல்லு பாப்பா.”

பழத்தைக் கீழே வைத்தேன்.